கார்த்திகைக் கடமான்கள்

பன்னேருகட்டா காட்டில் கடமான்கள் ஜோடி சேரும் பருவம் ஐப்பசிக் கடைசியில் தொடங்கும். அப்போது பி.எஸ்ஸி. விலங்கியல் படித்துக்கொண்டிருந்த என் மகள், நான்கு ஞாயிறு விடியற்காலைகளில் அதை நேரில் பார்த்து ரெக்கார்டு எழுத வேண்டும். ஒரு வாரம் விட்டாலும் பரீட்சைக்கு உட்கார முடியாது. வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். அவளுக்கு மட்டும் வீட்டிலிருந்து ஒரு துணையும், வாராவாரம் புதிதாக ஒரு சம்மதக் கடிதமும் வேண்டும் என்றது கல்லூரி. என் கணவர் பாதி நாள் வெளியூர் வேலையில் இருந்தார். அதனால் துணையும் நான், கையெழுத்தும் நான்.

அவள் கல்லூரியிலிருந்து திரும்பப் பத்து நிமிஷம் தாமதமானாலே வாசலுக்கும் உள்ளுக்கும் நடப்பவள் நான். முதல் வாரம் குளிருக்குப் பயந்து கழுத்து முழுக்க நீலகிரித் தைலம் தேய்த்துக்கொண்டு போனேன்.

பையன்கள் ஆசிரியரோடு ஓடைக்கு அப்பால் இருந்தார்கள். எங்களோடு ஒரு காட்டுக் காவலர். ஆண் கடமான் ஒன்று சேற்றில் புரண்டு எழுந்து வந்தது. பின்னங்கால்களில் நின்று கொம்பால் கிளைகளை முறித்தது. சற்றுத் தள்ளி இரண்டு பெண் மான்கள் அதைக் கவனிக்காததுபோல மேய்ந்தன. அப்போது காற்று திரும்பி, என் தைல வாசனை அதனிடம் போயிற்று. வாலை நிமிர்த்தி, முன்காலால் தரையை உதைத்து உதைத்து எங்களை நோக்கி வந்தது. நான் எழுந்து ஓடப் பார்த்தேன்.

"அலுகாடபேடிம்மா" என்று காவலர் கன்னடத்தில் கிசுகிசுத்தார்.

மகள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "அசையாதேம்மா. மூச்சை மெதுவா விடு." மறு கையால் எழுதிக்கொண்டே இருந்தாள். ஏழெட்டு கஜ தூரத்தில் அது நின்றது. தகரத்தில் அடித்த மாதிரி ஒரு கத்தல். பிறகு திரும்பிப் போய்விட்டது.

வீட்டில் நாத்தனார் காத்திருந்தார். "ஆணும் பொண்ணும் கூடுறதைப் பார்க்கவா வயசுப் பொண்ணைக் கூட்டிட்டுப் போனே? நாளைக்குப் பொண்ணு பார்க்க வர்றவங்க கேட்டா என்ன சொல்லுவே?"

"மான் பார்க்கப் போனான்னு சொல்லுவேன், அண்ணி."

"சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். சிரிச்சு முடிச்சதும் காபி குடுக்கறேன்."

"முதல்ல நீ குடி. டம்ளர் எப்படி ஆடுது பாரு! போதும், நிறுத்திடு."

டம்ளர் ஆடியது உண்மைதான். அன்று மாலையே அடுத்த கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் கடிதம் திரும்பி வந்தது. போன வாரக் கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லையாம். மகளே போட்டிருப்பாளோ என்று கல்லூரி குமாஸ்தாவுக்குச் சந்தேகம். நேரில் போய், அவர் மேஜைமேலேயே இன்னொரு முறை போட்டேன். அதுவும் கோணலாகவே விழுந்தது.

"என்னம்மா இது?"

"கை நடுங்குது சார். ஆனா கை என்னோடதுதான். முத்திரை வைங்க."

வைத்தார். மீதி மூன்று வாரமும் போனோம், தைலம் இல்லாமல். மான் தரையை உதைத்த அந்தச் சத்தம் நினைவுக்கு வந்தால் இப்போதும் பேனா ஆடுகிறது. அந்தக் கடிதங்களில் ஒன்றில்கூடக் கையெழுத்தை நேராக்க நான் மெனக்கெடவில்லை.