முன்வரிசை நாலு சீட்டு

என் அப்பா ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் பஸ் டிரைவர். ஆவடியில் எடுத்து, அம்பத்தூர், வானகரம், குமணன்சாவடி என்று சுற்றி, பூந்தமல்லி தாண்டி பெங்களூர் நெடுஞ்சாலையில் இருக்கும் கல்லூரியில் கொண்டுபோய் இறக்குவார். எங்கள் வீட்டில் யாரும் அந்தக் கல்லூரியைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதில்லை. ‘நம்ம காலேஜ்’ என்றுதான் சொல்வோம், ஏதோ நாங்களே கட்டி வைத்த மாதிரி.

பத்தாவது படிக்கும்போதே நான் முடிவு செய்துவிட்டேன், சேர்ந்தால் நம்ம காலேஜ்தான் என்று. வாசலில் மூன்று மாடி உயரத்துக்கு ஒரு வளைவு. உள்ளே நீரூற்று. ஆண்டு விழாவுக்கு சினிமாக்காரர்கள் வருவார்கள். இதையெல்லாம்விட, அப்பா ஓட்டும் வண்டியில் அவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்து போக வேண்டும் என்பது என் ஆசை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள் நான். போவதுதான் போகிறோம், கொஞ்சம் பந்தாவாகப் போனால் என்ன என்று இருந்தது.

பிளஸ் டூ ரிசல்ட் வந்தது. மார்க் நன்றாகவே இருந்தது. கவுன்சலிங்குக்குப் பதிவு செய்து, ரேங்க்கும் வந்து, வேண்டிய கல்லூரிகளை வரிசையாகப் போடும் நாள் நெருங்கியது. ஒரு நோட்டில் பட்டியல் எழுதி அப்பாவிடம் நீட்டினேன். முதல் வரியில் நம்ம காலேஜ்.

“அங்க வாணாம்” என்றார்.

“ஏம்ப்பா?”

“வாணாம்னா வாணாம். வேற எதுனா பாரு.”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், இன்றைக்கும் அப்படித்தான். “உன் பொண்ணு உன் பஸ்லயே வந்தா உனக்கு அசிங்கமா கீதா?” என்று கேட்டுவிட்டேன். அப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். “அந்த மனுசன் காரணத்த சொல்றதுக்குள்ள நீ கெழவியாயிடுவ” என்றாள் அம்மா. நான்கு நாள் நான் அப்பாவிடம் பேசவில்லை. அவருக்குச் சாப்பாட்டுத் தட்டை வைக்கும்போது வேண்டுமென்றே சத்தம் வரும்படி வைத்தேன்.

ஐந்தாம் நாள் எனக்கு ஒரு யோசனை வந்தது. காலை ஏழு மணிக்குக் குமணன்சாவடி டீக்கடை ஓரம் ஏழெட்டுக் கல்லூரி பஸ்கள் வரிசையாக நிற்கும். பிள்ளைகள் ஏறுகிற அந்தப் பத்து நிமிடத்தில் டிரைவர்கள் இறங்கி ஒன்றாக டீ குடிப்பார்கள். அவர்களில் ஒருவர் அப்பாவுக்கு நெருக்கம், வேறொரு கல்லூரியின் வண்டியை ஓட்டுபவர். அவரை மாமா என்று கூப்பிடுவேன். அவரை விட்டு அப்பாவிடம் சிபாரிசு செய்ய வைக்கலாம் என்று டவுன் பஸ் பிடித்துப் போய் நின்றேன். என்னைப் பார்த்ததும் அப்பா டீ கிளாஸோடு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாமா என் வழக்கை முழுசாகக் கேட்டார். பிறகு சிரித்தார்.

“அண்ணாத்தே சொல்லலயா? சொல்ல மாட்டாரு. சோறு போடுற எடமாச்சே. பாப்பா, நீ ஒண்ணு பண்ணு. உங்கப்பன் வண்டில ஏறி மின்னாடி நாலு சீட்ட பாரு. அப்பால என் வண்டில ஏறிப் பாரு.”

கல்லூரி பஸ்களில் முன்வரிசை நாலு சீட்டும் ஆசிரியர்களுக்கு. அப்பா வண்டியின் முன்வரிசையில் ஒரே ஒருவர் இருந்தார். என்னைவிட ஐந்தாறு வயது கூட இருந்தால் அதிகம். எந்தத் துறை சார் என்று கேட்டேன். “மேக்ஸ். சேந்து மூணு வாரம்தான் ஆச்சு. கம்பெனில வேலை கிடைக்கிற வரைக்கும் இங்க” என்றார், ஒளிவுமறைவில்லாமல். பின்சீட்டுப் பெண் என்னிடம் குனிந்து, “எங்களுக்கு இந்த வருஷம் இவரு நாலாவது சார்” என்றாள்.

மாமாவின் வண்டி பழசு. படியெல்லாம் துரு. ஆனால் முன்வரிசை நிறைந்திருந்தது. ஜன்னலோரம் நரைத்த தலையோடு ஒரு மேடம், மடியில் விடைத்தாள் கட்டை வைத்துத் திருத்திக்கொண்டிருந்தார். நான் ஏறியதையும் இறங்கியதையும் அவர் பார்க்கவேயில்லை.

“நான் வேலைக்கு வந்த நாள்லர்ந்து அந்த மேடம் அதே ஜன்னல்தான்” என்றார் மாமா. “ரெண்டு தபா வண்டியவே மாத்திட்டாங்க. மேடம் மாறல.”

அதற்குள் மற்ற டிரைவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒருவர் தன் கல்லூரியில் மெக்கானிக்கல் பரவாயில்லை, மற்றது சுமார் என்றார். இன்னொருவர், தன் வண்டியில் முதல் வருடப் பிள்ளைகளுக்கு நிற்க இடம் இருக்காது, அதே பிள்ளைகள் கடைசி வருடம் வரும்போது பாதிப் பேர் இருக்க மாட்டார்கள் என்றார். ஆண்டுக்கணக்காகக் கண்ணாடியில் பின்னால் பார்த்தே ஓட்டுகிறவர்களுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. அவர்களில் ஒருவர்கூட தன் கல்லூரிக்கு வா என்று சொல்லவில்லை. அந்த நல்ல மனதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது.

அன்றே பட்டியலைத் திருத்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். நான் அவ்வளவு சமர்த்து இல்லை. மாமாவின் கல்லூரிதான் வேண்டும் என்று மனதுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அதன் போன வருட கட்-ஆஃப் என்னுடையதைவிடக் கொஞ்சம் மேலே இருந்தது. ஆவடியை ஒட்டிய எங்கள் கோவில்பதாகைப் பக்கம் எல்லாரும் சொல்லும் ஒரு யோசனை உண்டு: கிடைக்கிறதை முதலில் போடு, கிடைக்காததை மேலே போட்டால் எதுவுமே கிடைக்காமல் போய்விடும். மாவு மில் அக்கா முதல் மொபைல் கடை அண்ணன் வரை அதையே சொன்னார்கள். பயந்துபோய், போனில் பட்டியலைப் போடும்போது முதலில் நம்ம காலேஜையே போட்டேன். மாமாவின் கல்லூரி ஒன்பதாவது. அப்பாவிடம் சொல்லவில்லை.

கடைசி நாள், மாலை ஐந்து மணியோடு பட்டியல் மூடிவிடும். நான்கு மணிக்கு அப்பா கல்லூரியிலிருந்து கூப்பிட்டார்.

“போட்டியா?”

“போட்டேன்.”

“எத மொதல்ல போட்ட?”

சொன்னேன். “சரி” என்று வைத்துவிட்டார். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

நாலேகாலுக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பெண் குரல்.

“அன்னிக்கு எங்க பஸ்ல ஏறிப் பார்த்தியாமே, அந்தப் பொண்ணுதானே நீ? நான் முன்சீட்ல இருந்த மேடம். என்னை உன்கிட்ட பேசச் சொல்லி உங்க அப்பா எங்க டிரைவருக்கு போன் பண்ணாராம். வானகரம் சிக்னல்ல நிக்கிறோம். என்ன வரிசையில போட்டிருக்க, சொல்லு.”

சொன்னேன்.

“தலைகீழா போட்டிருக்கியேம்மா. கம்ப்யூட்டர் மேலேருந்துதான் பார்த்துக்கிட்டு வரும். கிடைக்காததைத் தாண்டி அடுத்ததுக்கு வந்துடும். அதனால கீழ இருக்கிறது போகாது. ஆனா கிடைக்கிறதை மேல போட்டா, அங்கயே நின்னுடும். உனக்கு எது வேணுமோ அது முதல்ல.”

“கட்-ஆஃப் பத்தாது மேடம்.”

“அது போன வருஷத்துது. இந்த வருஷம் எப்படின்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மாத்து. நான் லைன்லயே இருக்கேன்.”

அம்மாவின் போனில் பட்டியல், என் போனில் மேடம். ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கினேன். பின்னணியில் ஹாரன் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. முடித்தபோது ஐந்து மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. யாரிடமும் ஒரு உதவி கேட்காத மனிதர் என் அப்பா. அன்று முன்பின் தெரியாத ஒருவரிடம் எனக்காகக் கேட்டிருக்கிறார்.

மாமாவின் கல்லூரியிலேயே இடம் கிடைத்தது. அங்கே முதலில் போட்ட கம்ப்யூட்டர் பிரிவு இல்லை, இரண்டாவதாகப் போட்ட எலெக்ட்ரானிக்ஸ் பிரிவு. நம்ம காலேஜ் இருந்த கடைசி வரி வரைக்கும் போகவே தேவைப்படவில்லை.

முதல் நாள் ஆவடியில் மாமாவின் வண்டியில் ஏறி, குமணன்சாவடியில் இறங்கி நின்றேன். அப்பா வண்டி பக்கத்தில் வந்து நிற்கும், புதுச் சுடிதாரில் என்னைப் பார்ப்பார் என்று காத்திருந்தேன். நம்ம காலேஜ் பஸ் வந்தது. ஓட்டி வந்தவர் வேறு யாரோ. இரண்டு வாரமாக அப்பா நான் எழுந்திருக்கும் முன்னே கிளம்பிக்கொண்டிருந்தார். அட்மிஷன் நேரம், வேலை அதிகம் என்று நினைத்திருந்தேன்.

“அண்ணாத்தே சொல்லலயா?” என்று மாமா மறுபடியும் கேட்டார். “அங்க வேல செய்யற ஒவ்வொருத்தரும் ரெண்டு அட்மிஷன் புடிச்சிகினு வரணும்னு சொல்லிட்டாங்க. டிரைவர் வரைக்கும். ஊட்லயே ஒரு பொண்ண வெச்சிகினு வேற எடத்துல சேக்கறியான்னு கேட்டு, அவர தூக்கி திருத்தணி ரூட்ல போட்டாங்க. நாலு மணிக்கே எழுந்துக்கறாரு.”

சாயங்காலம் அப்பாவிடம் கேட்டேன். “அந்த ரூட்ல டிராபிக் கம்மிமா. டீயும் நல்லா கீது” என்றார். நான் அழுதுவிட்டேன். அன்று கேட்ட அந்த ‘அசிங்கமா’வுக்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் அதை மறந்தே போனவர் போல என் தட்டில் குழம்பை ஊற்றினார்.

நான்கு வருடமும் அவர் அந்த ரூட்டில்தான் ஓட்டினார். நான்கு வருடமும் அந்த மேடம் அதே ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருந்தார். எனக்கு இரண்டு பாடம் எடுத்தார்.

பட்டமளிப்பு விழாவுக்கு அப்பா லீவு போட்டு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். திரும்பும்போது மாமாவின் வண்டியில் ஏறி, பழக்கமில்லாத இடத்தில் நிற்பவர் போலப் படியருகிலேயே நின்றார். மேடம் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்து சீட்டைக் காட்டினார்.

“இங்க உக்காருங்க.”

அப்பா உட்கார்ந்தார். ஸ்டியரிங் இல்லாமல் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டையும் முட்டியின்மேல் வைத்துக்கொண்டார். ஆவடி வரை நான் அவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்து வந்தேன்.