மீன்காரிக்குக் குரல் கொடுத்தவள்

அனிமேஷன் படத்தில் குரல்தான் முதலில் வரும். படத்தை வரைந்துவிட்டு அப்புறம் பேச வைப்பார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பேச வேண்டியவர் பேசி முடித்த பிறகு, அந்தப் பேச்சைத் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் வாயை வரைவோம். அதனால்தான் என் மனைவி இறந்து ஏழு மாதம் ஆன பிறகும், அவள் பேசி வைத்துவிட்டுப் போன பேச்சுக்கு நான் உதடு வரைந்துகொண்டிருந்தேன்.

சென்னையில் ஒரு ஸ்டுடியோவில் எட்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். வெளிநாட்டுக் குழந்தைகள் பார்க்கும் தொடர்கள். கதையும் அவர்களுடையது, பொம்மைகளும் அவர்களுடையவை. ஒரு பொம்மை கை தூக்க வேண்டுமென்றால், அதன் முதல் படமும் கடைசிப் படமும் அங்கிருந்து வரும். நடுவில் வரும் படங்களை நாங்கள் போட வேண்டும். வீட்டிலிருந்தே அந்த வேலையைச் செய்யலாம் என்று ஆனதும் தூத்துக்குடிக்குத் திரும்பி வந்தோம். அவளுக்கு இங்கே ஒரு பள்ளியில் ஆசிரியை வேலை கிடைத்தது.

நமக்கென்று ஒரு படம் செய்வோம் என்று சொன்னதே அவள்தான். கதையும் அவளுடையது. வேம்பார் பஸ்ஸில் மீன்காரி ஒருத்தி கூடையோடு ஏறுகிறாள். கூடையிலிருந்து ஒரு நண்டு தப்பிவிடுகிறது. பஸ் தூத்துக்குடி வந்து சேர்வதற்குள் அது யார் யார் காலுக்கடியில் போகிறது என்பதுதான் கதை. பன்னிரண்டு நிமிடப் படம். வேம்பாரில் பிறந்தவள், சின்ன வயதில் அந்த பஸ்ஸில் தினமும் போய்ப் படித்தவள். மீன்காரியாக அவள் பேசினாள், கண்டக்டராக நான்.

எங்கள் தெரு வழியாகத்தான் துறைமுகத்துக்கு லாரிகள் போகும். அந்தச் சத்தம் மைக்கில் விழாமல் இருக்க மர பீரோவைத் திறந்து, தொங்குகிற சேலைகளுக்கு நடுவே மைக்கை வைத்தோம். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் அவள் பீரோவுக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, தலையைச் சேலைகளுக்குள் விட்டுக்கொண்டு பேசுவாள்.

"நண்டுக்கும் டிக்கெட்டு போடுவீரோ அண்ணாச்சி? காலை எண்ணியா காசு கேப்பீரு?"

இந்த வசனத்தை எழுதியதும் அவள்தான். சொல்லி முடித்துவிட்டு அவளே சிரிப்பாள். மறுபடி எடுக்க வேண்டியிருக்கும்.

எந்த எழுத்துக்கு வாய் எப்படி இருக்கும் என்று காட்டும் அட்டை ஒன்றை ஸ்டுடியோவில் கொடுத்திருந்தார்கள். அது ஆங்கிலத்துக்குப் போட்டது. அதில் 'ழ'வும் கிடையாது, 'ற'வும் கிடையாது. எனவே அவளையே என் முன்னால் உட்கார வைத்து எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொன்னேன். 'ம' சொல்லும்போது அவள் கீழுதடு லேசாக இடப்பக்கம் இழுக்கும். திருமணமாகி ஆறு ஆண்டுகளில் அதை நான் கவனித்ததே இல்லை. மீன்காரிக்கும் அப்படியே வரைந்தேன்.

குரல் பதிவு செய்த அந்த மாதங்களில் அவளுக்கு இருமல் இருந்தது. சாக்பீஸ் தூசி என்றாள். உப்பளத்துப் பக்கமிருந்து வருகிற காற்று என்றேன் நான். கஷாயம் வைத்துக் குடித்தாள். வசனத்தின் நடுவே இருமல் வந்தால், "இருங்க, தண்ணி குடிச்சிட்டு வாரேன்" என்று எழுந்து போவாள். ஒருநாள் நல்லபடியாக வந்துகொண்டிருந்த ஒரு நீள வசனத்தில் கடைசி வரியில் இருமிவிட்டாள். எனக்கு எரிச்சல் வந்தது.

"ஏளா, நடுவுல இருமாத. டேக் வீணாப் போவுது" என்றேன்.

அவள் மறுபடி தலையைச் சேலைகளுக்குள் விட்டுக்கொண்டாள். அடுத்த டேக்கை இருமாமல் பேசினாள். அடக்கிக்கொண்டு பேசியிருக்கிறாள்; தலையை வெளியே எடுத்தபோது முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. நன்றாக வந்தது என்று பாராட்டினேன்.

மற்ற இருமல்களை நானே வெட்டினேன். கம்ப்யூட்டர் திரையில் குரல் ஒரு கோடாகத் தெரியும். இருமல் விழுந்த இடத்தில் கோடு முள் மாதிரி நிமிர்ந்து நிற்கும். தேடவே வேண்டாம். ஒவ்வொன்றாகப் பிடித்து எடுத்துவிட்டு இரண்டு பக்கத்தையும் ஒட்டினேன். கேட்பவருக்குத் தெரியாதபடி சுத்தமாக ஒட்டினேன்.

எங்கள் தொழிலில் தற்செயல் என்று ஒன்று கிடையாது. கேமராவில் எடுக்கிற படத்தில் யாரும் கேட்காமலே காக்கை பறக்கும், காற்றில் முடி கலையும். எங்கள் படத்தில் ஒரு முடி அசைந்தால் யாரோ உட்கார்ந்து அதை அசைக்க வேண்டும் என்று முடிவு செய்து வரைந்திருக்கிறார்கள். அந்தப் பழக்கம் கண்ணில் ஏறிவிட்டால், கேட்காமல் வருவதெல்லாம் பிழையாகத்தான் தெரியும். எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

பள்ளியில் மயங்கி விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நுரையீரலில் கட்டி. பரவியிருந்தது. எத்தனை நாளாக இருமல் என்று டாக்டர் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் சொல்லட்டும் என்று பார்த்தாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான்கு மாதத்தில் போய்விட்டாள்.

ஏழு மாதம் கழித்து அந்தப் படத்தைத் திறந்தேன். நான்கு நிமிடம் மீதி இருந்தது. முதல் நாள் அவள் குரல் வந்ததும் அணைத்துவிட்டேன். மறுநாள் கொஞ்சம் கேட்டேன். பிறகு தினமும் கேட்டேன். ஒரு நொடிக்குப் பன்னிரண்டு படம். 'நண்டு' என்ற ஒரு சொல்லுக்கு வாய் வரைய அந்தச் சொல்லை ஐம்பது தடவையாவது கேட்க வேண்டும். அவள் வீட்டுக்குள் இருந்து பேசுவது போல இருந்தது. வேண்டுமென்றே மெதுவாக வரைந்தேன்.

இரண்டு மாதம் இப்படிப் போன பிறகு, ஒரு காலையில் அவள் குரலைக் கேட்டேன். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. இந்த இடத்தில் உதடு மூட வேண்டும், அடுத்த படத்தில் திறக்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது. திரும்பப் போட்டேன். அப்போதும் அதுவேதான். கேட்டுக் கேட்டு அந்தக் குரலை நானே தேய்த்துவிட்டேன். அன்றைக்கு அழுத மாதிரி அவளை அடக்கம் செய்த அன்றுகூட நான் அழவில்லை. வேலையை நிறுத்திவிட்டேன்.

ஆண்டுப் பூசைக்கு அவள் தங்கை வேம்பாரிலிருந்து வந்தாள். கல்லறைக்குப் போய்விட்டு வீட்டுக்கு வந்ததும் படத்தைப் போடச் சொன்னாள். முடிந்தவரை போட்டுக் காட்டினேன். டிக்கெட் வசனத்துக்குச் சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள். பிறகு கேட்டாள்.

"அக்கா இருமுன சத்தம் எங்க அத்தான்? அந்த மாசமெல்லாம் இருமிக்கிட்டுல்லா இருந்தா."

நான் வெட்டிவிட்டேன் என்றேன். அவளை அதட்டியதையும் சொன்னேன். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கொழுந்தியாள் திரையிலிருந்து என் பக்கம் திரும்பினாள்.

"எனக்கும் போன்ல கேட்டுச்சு" என்றாள். "நானும் ஒண்ணும் கேக்கலையே அத்தான்."

ஆறுதலுக்காக அவள் அதைச் சொல்லவில்லை. எனக்கும் ஆறுதலாக இல்லை. ஆனால் அவள் போன பிறகு, வெட்டாத மூலப் பதிவுகளைத் தேடி எடுத்தேன். ஒன்றை முழுதாகக் கேட்டேன். இருமல், தண்ணீர் குடிக்கிற சத்தம், ஸ்டூல் நகர்கிற சத்தம், எரிச்சலோடு என் குரல். அவை தேயவே இல்லை. ஒரு தடவைதான் கேட்க முடிந்தது.

அதில் ஓர் இருமலை மட்டும் படத்தில் சேர்த்தேன். கண்டக்டரிடம் சண்டை போட்டு முடித்ததும் மீன்காரி இருமுகிறாள். அதை வரைய உட்கார்ந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது: அவள் இருமும்போது நான் அவளைக் கவனித்துப் பார்த்ததே இல்லை. பதிவின்போது அவள் தலை பீரோவுக்குள் இருந்தது, என் கண் திரையில் இருந்தது. கொழுந்தியாளுக்குப் போன் செய்து, அக்கா இருமும்போது எந்தக் கையால் வாயைப் பொத்துவாள் என்று கேட்டேன். கை இல்லை, முந்தானை என்றாள். மூன்று நொடி, முப்பத்தாறு படம். அதை வரைய ஒரு மாதம் ஆயிற்று. அதன் பிறகு மீதிப் படத்தையும் வரைந்து முடித்தேன்.

ஊரில் ஒரு கல்லூரி அரங்கில் பகல் காட்சியாகப் படத்தைப் போட்டார்கள். கொழுந்தியாளும் வந்திருந்தாள். நண்டு வந்த இடமெல்லாம் சிரிப்பு. மீன்காரி இருமினாள். அதற்கும் சிரித்தார்கள். கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது என்று எடுத்துக்கொண்டார்கள். அரங்கமே சிரித்தது. அவர்கள் மேல் தப்பில்லை.

வெளியே உடன்குடிக்காரர் ஒருவர் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். கருப்பட்டி வியாபாரி. கோயில் கொடைத் திருவிழாவுக்கு வருடாவருடம் நாடகம் போடுகிறவர். மீன்காரிக்குப் பேசியது யார் என்று கேட்டார். என் வீட்டுக்காரி என்றேன்.

"இப்படிப் பேச ஆள் கெடைக்காது தம்பி. இந்த வருசக் கொடைக்கு அவங்களைக் கூட்டிட்டு வாரும்."

"கேட்டுச் சொல்லுதேன் அண்ணாச்சி" என்றேன்.

கொழுந்தியாள் பக்கத்தில்தான் நின்றாள். பஸ் ஸ்டாண்டு வரை இரண்டு பேரும் நடந்தே போனோம். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று அவள் கேட்கவில்லை.