ஸ்பீக்கரில் மட்டும் வந்த சத்தம்

டயாலிசிஸ் இயந்திரம் கத்தினால் என் மனைவிக்குக் குலை நடுங்கும். குழாய் கொஞ்சம் மடங்கினாலும் அது கத்தும். நேர்ஸ் வந்து ஒரு பொத்தானை அழுத்திவிட்டுப் போவார். பயப்பட ஒன்றுமில்லை என்று எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தேன், பயம் போகவில்லை. அதனால்தான் கையில் பிடித்து விளையாடும் அந்தக் கேம் கருவியை வாங்கிக் கொடுத்தேன். நெஞ்சில் குழாய் பொருத்தியிருந்ததால் அவளுக்கு இரண்டு கைகளும் சும்மாதான் இருந்தன. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஆற்றில் மீன் பிடிக்கும் விளையாட்டு ஒன்றில் மூழ்கிவிடுவாள். இயந்திரம் கத்துவது காதில் விழாது.

ஒரே குறை, பற்றரி பாதியில் செத்துவிடும். அங்கிருந்த பிளக்குகள் இயந்திரங்களுக்கு மட்டும்.

"உங்கட லினக்ஸைப் போட்டுப் பாருங்கோவன்," என்றாள்.

நான் கனடாவின் மிசிசாகாவில் ஒரு அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களோடு மாரடிப்பவன். கருவியோடு வந்த இயங்குதளத்தை எடுத்துவிட்டு லினக்ஸைப் போட்டால் பற்றரி கூட நேரம் நிற்கும் என்று நான்தான் முன்பு சொல்லியிருந்தேன். என்னிடம் இப்படிக் கேட்டால் விடுவேனா? போட்டேன். பற்றரி கடைசிவரை நின்றது. ஆனால் ஹெட்போன் ஊமையாகிவிட்டது.

ஒலியைக் கவனிக்கும் டிரைவர் என்ற மென்பொருளுக்கு, ஹெட்போன் செருகியிருப்பதே தெரியவில்லை. எல்லாச் சத்தமும் ஸ்பீக்கரால்தான் வந்தது. வயரில்லாத ஹெட்போனில், மீன் துள்ளி முடிந்த பிறகு துள்ளும் சத்தம் வந்து அவளுக்குத் தலையிடி கொடுத்தது. இணையத்தில் உதவி கேட்டேன். "எனக்கு நன்றாக வேலை செய்கிறதே" என்று எழுதினான் ஒரு மகராசன். கையில் கிடைத்திருந்தால் அவனை என்ன செய்திருப்பேனோ தெரியாது.

பழையபடி மாற்றிவிடவா என்று கேட்டேன். பாதியில் நின்றுபோவதற்கு இது பரவாயில்லை என்று, ஸ்பீக்கரை ஆகக் குறைத்து வைத்து விளையாடினாள். இயந்திரம் கத்தும்போதெல்லாம் திடுக்கிடுவாள் என்று நினைக்கவே எனக்குப் பாவமாக இருந்தது.

அவளுக்குப் பக்கத்துச் சாய்வுக் கதிரைக்கு, டயாலிசிஸ் செய்ய ஒரு அன்ரி வருவார். வந்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார். மாதக்கணக்காக ஒருவரோடும் பேசியதில்லை. ஒருநாள் மனைவியைக் கூட்டிவரக் கொஞ்சம் முந்திப் போயிருந்தேன். அன்ரி இந்தப் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, உந்தத் தண்ணிச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி விடும்."

மனைவி கூச்சத்தோடு கூட்டினாள். கொஞ்ச நேரத்தில் அன்ரி தலையை உயர்த்திவிட்டார். "இழும், இழும்! ஐயோ, விட்டிட்டீரே!"

சில கிழமைகளில் புதிய அப்டேட் ஒன்று வந்தது. ஹெட்போன் பேசியது. நானே அந்த டிரைவரை எழுதியவன் மாதிரி வீடெல்லாம் நடந்து திரிந்தேன். அவளும் காதில் வைத்துப் பார்த்து, நல்லாய் இருக்கு என்றாள். மறுநாள் டயாலிசிஸுக்குப் போகக் காரில் ஏறும்போது அது குசினி மேசையிலேயே கிடந்தது.

"ஹெட்போனை விட்டிட்டு வாறீர்."

"தெரிஞ்சுதான் விட்டனான்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப நான் இவ்வளவு நாளும் மண்டையை உடைச்சது என்னத்துக்கு? மெஷின் கத்தினாப் பயம் எண்டீரெல்லோ?"

"இப்பவும் பயம்தான். அது கத்தேக்க அன்ரி, 'உது சும்மா கத்துது பிள்ளை, நீர் மீனைப் பாரும்' எண்டு சொல்லுவா. ஹெட்போன் போட்டா அது எனக்குக் கேக்காது."

நான் காரை எடுத்தேன். இப்போதெல்லாம் எந்த அப்டேட் வந்தாலும், ஸ்பீக்கரில் சத்தம் வருகிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.