விரியாத குண்டு

"இறைச்சியைச் சிதைச்சுப்போடாதேங்கோ, ஞாயிற்றுக்கிழமை இருபது பேர் வருகினம்" என்று மான் வேட்டைக்குப் புறப்பட்ட என்னிடம் மனைவி சொல்லியனுப்பினாள். அதையே துப்பாக்கிக் கடைக்காரரிடமும் சொன்னேன். மானுக்கு உள்ளே போய் விரிகிற குண்டுதான் சரி, இறைச்சி கொஞ்சம் வீணானாலும் உடனே செத்துவிடும் என்றார் அவர். நான் கேட்கவில்லை. எருமைக்கென்று வைத்திருந்த, விரியாமல் துளைத்துப் போகிற குண்டை வாங்கினேன்.

மெல்பேர்னுக்குக் கிழக்கே மலைக்காட்டில் என் குறி தப்பவில்லை. நெஞ்சில்தான் பட்டது. ஆனாலும் மான் ஓடியது. இரத்தத் துளிகளைப் பார்த்துப் பார்த்து ஒரு மணி நேரம் பின்னால் நடந்தேன். ஓடைக்கரையில் கிடந்தது, என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தது, முடியவில்லை. மூச்சு விடும்போதெல்லாம் மூக்கில் இரத்தம் நுரைத்தது. கறிக்காக இப்படிச் செய்தேனே என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது. இரண்டாவது முறை சுட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் நன்றாகச் சாப்பிட்டார்கள். நான் சோற்றையும் பருப்பையும் பிசைந்துகொண்டிருந்தேன். பக்கத்துக் கதிரையில் இருந்த விருந்தாளி அங்கிள் ஒருவர், நான் வாங்கிய குண்டைப் பற்றி மனைவி சொல்லக் கேட்டவர், எலும்பைச் சூப்பியபடி என் முதுகில் தட்டினார்.

"ஒரு துண்டும் சிதையேல்லை, தம்பி. அடுத்த முறையும் இந்தக் குண்டையே வாங்கும்."