டிசம்பருக்கு ஒரு கட்டடம்

நாட்காட்டிக்குப் பன்னிரண்டு புகைப்படங்கள் கேட்டிருந்தார்கள். எல்லாமே ஊர்க் கட்டடங்கள், எல்லாமே மாலை வெயிலில். பதினொன்றை ஹட்டன் அச்சகத்தில் கொடுத்துவிட்டேன். டிசம்பர் மட்டும் பாக்கி. "நாளைக்குக் காலைல வரலைன்னா ரோஜாப்பூ போட்டுருவோம் தங்கச்சி" என்று அச்சகக்காரர் சொல்லியிருந்தார். பதினொரு கட்டடங்களுக்குப் பிறகு ஒரு ரோஜாப்பூ! அந்தப் பயத்தில்தான் நுவரெலியா பஸ் ஏறினேன்.

அண்ணியும் வந்தார். வட்டவளைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். அன்று அவருக்கு வேலையில்லை. மரக்கறி வாங்க ஒரு சாக்குப் பை கொண்டுவந்தார். நான் ஒரு பட்டியல் கொண்டுவந்தேன். கட்டட வரைபடம் வரைவது என் தொழில். அளக்காமல் எதையும் தொடமாட்டேன். சூரியன் மறைவது ஆறு மணிக்குப் பிறகு. ஐந்து மணிக்கு, நான் எடுக்கவிருந்த நுவரெலியா தபால் கந்தோரின் செங்கல் சுவரில் வெயில் சாய்ந்து விழும். இருபது நிமிடம் போதும். எல்லாம் போனில் பார்த்து எழுதியது.

சந்தையை முடித்துக்கொண்டு சரியாக ஐந்துக்குப் போய் நின்றோம். கந்தோரின் மணிக்கூண்டு உச்சி வரை நிழல்.

"போன்ல இன்னும் ஒரு மணி நேரம் வெயில் இருக்கு அண்ணி."

"ஒன் போனு கடக்கரைல பொறந்ததா? சாயங்காலம் கொழுந்து நிறுக்கிறப்பவே நம்ம லயத்து வீடுகள்ல நெழல் விழுந்துரும். அங்கயே பொறந்து வளந்துட்டுப் பேசுறா பாரு."

உண்மைதான். மேற்கே நின்ற மலையை நான் கணக்கில் சேர்க்கவில்லை. மலையிலேயே பிறந்தவள்!

"சரி, மூஞ்சியத் தூக்காத. லயத்துல நெழலுன்னா எதுத்த மலைல வெயிலு இருக்கும்ல? திரும்பு."

திரும்பினேன். கிழக்குச் சரிவின் மேலே, இரண்டு புகைபோக்கிகள் வைத்த ஒரு பழைய வீடு செம்பு நிறத்தில் ஜொலித்துக்கொண்டிருந்தது. அதன் கீழே தோட்டத்தில் நிழல் மெல்ல மேலேறிக்கொண்டிருந்தது.

"ஓடு புள்ள!"

கோவா என்கிற முட்டைக்கோசும் லீக்ஸும் நிரம்பிய சாக்கின் கயிற்றைத் தலையில் மாட்டி, கொழுந்துக் கூடைபோல முதுகில் தொங்கவிட்டு அண்ணி முன்னால் ஏறினார். வெறும் கெமராவோடு நான் பின்னால்.

"ஒரு கெமராவத் தூக்கிட்டு வரவே இம்புட்டு மூச்சு வாங்குதா? நீயெல்லாம் மலைல கொழுந்து எடுத்தா கம்பெனிய மூடிருவாங்க!"

வீட்டுக்கு எதிரே போய்ச் சேர்ந்தபோது நிழல் வாசற்படியைத் தொட்டிருந்தது. ஏறி வந்த வேகத்தில் கைகள் நடுங்கின. கெமராவை நிறுத்தும் முக்காலி? வெளிச்சம் போதும் என்று கணக்குப் போட்டு வீட்டிலேயே வைத்திருந்தேன்.

அண்ணி சாக்கை மதில்மேல் இறக்கி ஒரு தட்டுத் தட்டினார். "இதுல வையி."

இரண்டு கோவாவுக்கு நடுவே கெமராவை அழுத்தி வைத்தேன். அசையவே இல்லை. மேல்மாடிக் கண்ணாடிகள் தீப்பிடித்தாற்போல் இருந்தன. மூன்று படம் எடுத்தேன். நான்காவதற்குள் நிழல் புகைபோக்கியைத் தாண்டிவிட்டது.

"ஆச்சா?"

"ஆச்சு அண்ணி."

"அப்ப கோவாவக் குடு, பஸ்ஸப் புடிப்போம்."

மறுநாள் அச்சகக்காரர் படத்தை ஒரு நிமிடம் பார்த்தார், ரோஜாப்பூவைத் தூக்கி மேசைக்குள் போட்டார். அந்த நாட்காட்டி அண்ணி வீட்டில் ஜனவரியிலிருந்தே டிசம்பரைக் காட்டிக்கொண்டு தொங்குகிறது. தேதி பார்க்க வருகிறவர்களை அண்ணி விடுவதில்லை. "தேதி கெடக்கட்டும். இது எங்க கோவா மேல வச்சு எடுத்த படம், தெரியுமா?"