டிரக் கோர்ட்டுக்குக் கட்டிய பை

பக்கத்து வீட்டு லிண்டா என்னைக் கோர்ட்டுக்குக் கூப்பிட்டது கல்யாணத்துக்குக் கூப்பிடுவதுபோல இருந்தது. "வெள்ளிக்கிழமை என் மகன் கெவினுக்கு டிரக் கோர்ட். நீ கட்டாயம் வரவேண்டும்" என்று சிரிக்கிறாள். நான் குடியேறிய இந்த நாட்டில் போதை வழக்குகளுக்கென்றே தனிக் கோர்ட்டாம். பெற்ற வயிறு எப்படிச் சிரிக்கிறது என்று எனக்கு ஆத்திரமே வந்தது. போதை மாத்திரையோடு பிடிபட்ட பையன், உள்ளே தள்ளப்போகிறார்கள் என்று நினைத்து, நம்மூரில் செய்வதைச் செய்தேன். துண்டு, சோப்பு, மாற்றுத்துணி, டப்பாவில் புளிசாதம், எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டிக்கொண்டு போனேன்.

அங்கே போனால், ஜட்ஜ் மேடையை விட்டு இறங்கிவந்து கெவினின் தோளைத் தட்டுகிறார்! ஜெயிலுக்குப் பதிலாகச் சிகிச்சை, அடிக்கடி பரிசோதனை, தவறினால் கண்டிப்பு என்று ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. அதை முடித்துவிட்டதால் அன்றைக்கு வழக்கே தள்ளுபடி. கோர்ட்டே எழுந்து கைதட்டியது. என் பையைப் பரிசென்று நினைத்து வாங்கிய கெவின், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போட்டோவுக்கு நின்றான். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஆனந்தக் கண்ணீர் என்று லிண்டா என்னைக் கட்டிக்கொண்டாள்.

எண்பதுகளில் அப்படியொரு பையை எங்கள் அம்மா என் தம்பி அன்வருக்குக் கட்டினாள். பாப்பாரப்பட்டிச் சந்தையில் அத்தாவோடு வளையல் விற்றவன், கஞ்சாவில் விழுந்து, பொட்டலத்தோடு பிடிபட்டான். தருமபுரி கோர்ட்டில் "குத்தத்த ஒத்துக்கிறியா?" என்று கேட்டார்கள். "ஆமாங்கய்யா. உட முடியலீங்க. எதுனா மருந்து குடுங்க" என்று கெஞ்சினான். ஒத்துக்கொண்டதை மட்டும் எழுதிக்கொண்டார்கள். அவர்கள் பொல்லாதவர்கள் இல்லை, மருந்துக்கு அங்கே வழி இல்லை, அவ்வளவுதான். ஜெயிலுக்குப் போய் வந்தவன், ஊரில் தலைகாட்ட முடியாமல் பொம்மிடிக்குக் குடிபோனான். அங்கே விழுந்து எழுந்து, மறுபடி விழுந்து, தானாகவே விட்டொழித்தான்.

கெவினின் வழக்கு முடிந்த அன்று மாலை லிண்டா வீட்டு விருந்தில் இதைச் சொன்னேன். "இப்போதே அவனைக் கூப்பிடு" என்று போனை என் கையில் திணித்தாள்.

"அன்வரு, நீ அத வுட்டதுக்கு ஒருத்தர்கூட ஒன்னப் பாராட்டலியேடா" என்றேன்.

"மெதுவாப் பேசுக்கா" என்று பதறினான். "பொண்ணு பக்கத்துல இருக்குது. அவளப் பாக்க மாப்ள வூட்டுக்காரங்க வர்ற நேரம். வுட்டது தெரியணும்னா பழகுனதும் தெரியணுமில்ல? இங்க யாருக்கும் ஒண்ணும் தெரியாது. அதனாலதான் மனுசனா நடமாடுறேன்."

லிண்டாவுக்குத் தமிழ் தெரியாது. தம்பி பேசுகிறான் என்று கண்டதும், கெவினையும் விருந்தாளிகளையும் எழுப்பி நிறுத்தினாள். அவனுக்காக எல்லோருமாகக் கைதட்டத் தொடங்கினார்கள். நான் போனின் வாயை உள்ளங்கையால் இறுக்கிப் பொத்திக்கொண்டேன்.