கேஜக்கா கேட்காமல் கழற்றுவதில்லை

என் மனைவியை இந்தப் பக்கத்தில் யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. கேஜக்கா என்றால்தான் தெரியும். பெட்ரோல் அழுத்தம் பார்க்கும் கேஜ் ஒன்று எந்நேரமும் அவள் தோள்பையில் கிடக்கும். விருந்துக்குப் போனாலும் கிடக்கும்.

அவளுடைய ஒர்க்‌ஷாப்புக்கும் என் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கும் நடுவே ஒரே சுவர். அவள் பழுது பார்ப்பாள், நான் பாகம் விற்பேன். நல்ல ஜோடிப் பொருத்தம் என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். உண்மையில் என் வியாபாரத்துக்கு அவளைவிடப் பெரிய எதிரி கிடையாது. எது கெட்டிருக்கிறது என்று வண்டியிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற மாட்டாள்.

"கேக்காம கழட்டினா அது ரிப்பேர் இல்லீங்க, சீட்டாட்டம்" என்பாள்.

அவளுடைய தங்கை, அதாவது என் கொழுந்தியாள், மலைப்பாதையில் நடக்கும் கார்ப் பந்தயங்களில் ஓட்டுகிறவள். போன வருடம் அக்கா கட்டிக்கொடுத்த இன்ஜின் புறப்படும் கோட்டிலேயே இருமி நின்றுவிட்டது. அத்தனை கூட்டத்துக்கு நடுவே அக்காவும் தங்கையும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அதற்கப்புறம் என் மனைவிக்குச் சோறு இறங்கவில்லை. இந்த வருடம் வேலையைத் தொடங்கும்போதே தங்கையிடம் சொல்லிவிட்டாள்: "இன்னொரு தடவ நின்னுச்சுன்னா நீ வேற மெக்கானிக்கப் பாத்துக்கோ. இத நானே சொல்றேன்."

இன்ஜினின் பலத்தைக் கூட்டியதால் பழைய பம்ப் போதவில்லை. பெரிய பம்பை என் கடையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அதோடு விட்டிருக்கலாம். பம்பைத் தாங்கிக்கொண்டு டேங்குக்குள் இறங்கும் கூட்டில் அதைப் பொருத்துகிறேன் என்று நானே உட்கார்ந்துவிட்டேன். ஆர்வக்கோளாறு, வேறென்ன.

பந்தயத்துக்கு முந்தின நாள் காலையில் இன்ஜினை ஓட விட்டார்கள். மூன்றில் நிற்க வேண்டிய கேஜ் முள் ஐந்தைத் தாண்டிப் போய் உட்கார்ந்தது. ஒரே கரும்புகை. பிளக்கைக் கழற்றினால் பெட்ரோலில் நனைந்து கரி அப்பிக் கிடந்தது. கொழுந்தியாளின் முகம் செத்துவிட்டது.

மிஞ்சும் பெட்ரோலை டேங்குக்கே திருப்பி அனுப்பி, அழுத்தம் ஏறாமல் பார்த்துக்கொள்வது ரெகுலேட்டரின் வேலை. அதனால் நான் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"பம்ப் பெருசு, ரெகுலேட்டர் சின்னது. அது என்ன பண்ணும் பாவம்? பெருசு ஒண்ணு கடைல இருக்கு, எடுத்துட்டு வரேன்."

"மாமா, வீடு பத்தி எரிஞ்சாலும் நீங்க பில்லு போட்டுட்டுதான் தண்ணி ஊத்துவீங்க" என்றாள் கொழுந்தியாள்.

"ரெண்டு பேரும் சும்மா இருங்க, முதல்ல கேப்போம்" என்றாள் என் மனைவி.

ரெகுலேட்டரிலிருந்து டேங்குக்குத் திரும்பும் ஹோஸைக் கழற்றினாள். அந்த இடத்தில் வேறொரு ஹோஸை மாட்டி, அதன் மறுமுனையை ஒரு கேனுக்குள் விட்டாள். இன்ஜின் ஓடியது. முள் சமர்த்தாக மூன்றுக்கு இறங்கியது.

"ரெகுலேட்டர் ஒழுங்காத்தான் தெறந்து விடுது. திரும்பிப் போற வழிதான் அடைச்சிருக்கு."

அடுத்து வண்டிக்கு அடியில் ஓடும் குழாயில் காற்றடித்துப் பார்த்தாள். தடையே இல்லை. மிச்சமிருந்தது டேங்குக்குள் இருக்கும் கூடு மட்டும்தான். என் கைவேலை.

கூட்டை வெளியே எடுத்து மேசையில் நிறுத்தினாள். திரும்பி வரும் பெட்ரோலுக்கான ஹோஸ் அதில் நேராகத்தான் நின்றது. வாய் வைத்து ஊதினேன். காற்று ஜம்மென்று போனது. சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

"பாத்துக்கோ. சுத்தமான வேலை."

அவள் கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "டேங்குக்குள்ள இது இவ்ளோ உசரமாவா நிக்குது?"

கூட்டின் தலையில் இருக்கும் டேங்க் மூடிக்குக் கீழே ஸ்பிரிங் உண்டு. மூடியை முடுக்கும்போது கூடு அமுங்கும். மேசைமேல் அதை அமுக்க யாருமில்லை.

"நிறுத்தாம ஊதுங்க" என்று சொல்லிவிட்டு, இரண்டு உள்ளங்கையாலும் மூடியை அமுக்கினாள். என் கன்னம் இரண்டும் உப்பின. கண் பிதுங்கியது. கையை எடுத்தாள், காற்று போனது. மறுபடி அமுக்கினாள், மறுபடி கன்னம். முதல் தடவையிலேயே அவளுக்குப் புரிந்திருக்கும். அடுத்ததெல்லாம் தங்கையைச் சிரிக்க வைக்கத்தான். அவளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பருத்த புதுப் பம்ப் இடத்தை அடைத்துக்கொண்டதில், கூடு அமுங்கும்போதெல்லாம் ஹோஸ் அதன்மேல் முட்டி மடிந்திருக்கிறது. வாயெல்லாம் பெட்ரோல் நாற்றம். எனக்கு வெட்கமாக இருந்தது.

"கடைக்காரன் கடையோட இருந்திருக்கணும்" என்றேன்.

"மூடி போடாம பாத்தது நீங்க. பாக்காமலே மூடி போட்டது நான். ஆளுக்குப் பாதி" என்றாள்.

ஹோஸைக் குட்டையாக வெட்டிப் பம்புக்கு அந்தப் பக்கமாகத் திருப்பிவிட்டாள். அமுக்கிக்கொண்டே என்னை ஊதச் சொன்னாள். இந்த முறை மூச்சு தாராளமாகப் போனது. வண்டியில் மாட்டி ஓட விட்டதும் முள் மூன்றில் நின்றது. புகையும் இல்லை.

மறுநாள் மலையடிவாரத்தில் வண்டி கோட்டில் வந்து நின்றது. என் மனைவியின் தோளைப் பார்த்தேன். பையைக் காணோம்.

"எங்க உன் கேஜு?"

"எதுக்கு? கேக்க வேண்டியத நேத்தே கேட்டாச்சு."

கொடி இறங்கியது. வண்டி ஒரு இருமல்கூட இல்லாமல் முதல் வளைவில் ஏறி மறைந்தது. கேஜக்கா நிமிர்ந்த தலையோடு, உலகத்தில் ஒரு கவலையும் இல்லாதவள்போல நின்றாள். ஆனால் கூட்டத்துக்குத் தெரியாமல் என் கையைப் பிடித்திருந்த பிடியில் என் விரலெல்லாம் மரத்துவிட்டது. தங்கை உச்சியைத் தொட்டுவிட்டாள் என்று ஒலிபெருக்கி சொன்ன பிறகுதான் விட்டாள்.